பிள்ளையின் அளவுக்கு ஒரு சாய்வு மேசை: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்கவிருக்கும் இவ்வேளையில் உங்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இந்த விடுமுறைக்கென்று பிள்ளைகளுக்கு எழுத்துவேலை எதையும் நாங்கள் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர் ஒருவரும் பிள்ளையும் சேர்ந்து, அந்தப் பிள்ளை தரையில் அமர்ந்து படிக்கவும் எழுதவும் ஏற்ற சாய்வு மேசை ஒன்றைத் தங்கள் கையாலேயே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடையில் வாங்க முடியாதவர்களுக்கான மாற்றுவழியாக இதை நான் சொல்லவில்லை. வாங்க முடிந்தவர்களும் செய்ய வேண்டும் என்பதே என் விருப்பம்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வீட்டில் தரையில்தான் எழுதுகிறார்கள். சிலர் குப்புறப் படுத்து எழுதுகிறார்கள். சிலர் மடியில் தேர்வு அட்டையை வைத்துக்கொண்டு முதுகை வளைத்து எழுதுகிறார்கள். வேறு சிலர் பெரியவர்களுக்கான நாற்காலியில் கால்கள் தொங்க அமர்ந்து, தோள்களை உயர்த்திக்கொண்டு எழுதுகிறார்கள். சிறிது நேரத்தில் கழுத்து வலிக்கிறது, கை சலிக்கிறது, பிள்ளை எழுந்து ஓடிவிடுகிறான். அதைக் கவனக்குறைவு என்று நாம் கடிந்துகொள்கிறோம். பல வேளைகளில் குறை பிள்ளையின் கவனத்தில் இல்லை, அமர்ந்திருக்கும் முறையில் இருக்கிறது. தரையில் சம்மணமிட்டு அமர்வது நல்ல பழக்கம். அதை மாற்றத் தேவையில்லை. நோட்டுப் புத்தகத்தைத் தரையிலிருந்து உயர்த்திச் சற்றே சாய்த்து வைத்தால் போதும், கழுத்து நிமிர்ந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளிலும் பழைய வணிகக் கடைகளிலும் கணக்கு எழுதுபவர்கள் சாய்ந்த மேற்பலகை கொண்ட பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்தே நாள் முழுவதும் எழுதினார்கள். அந்தப் பெட்டியின் அடிப்பகுதி மூடியிருக்கும். பிள்ளைகளுக்கு மடித்த கால்கள் உள்ளே செல்லும்படி முன்பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நாம் செய்துகொள்ள வேண்டிய மாற்றம்.

அளவை எந்தப் பட்டியலிலிருந்தும் எடுக்க வேண்டாம். உங்கள் பிள்ளையிடமிருந்தே எடுங்கள். சுவரை ஒட்டிச் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்காலின் மேற்பகுதி வரையிலான உயரத்தையும், மேற்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு மடக்கிய நிலையில் தரையிலிருந்து முழங்கை வரையிலான உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேசையின் முன்விளிம்பு முழங்காலில் இடிக்கக் கூடாது. அதே சமயம் முழங்கை உயரத்தைவிட மிகவும் ஏறிவிடவும் கூடாது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு முன்விளிம்பு 22 செ.மீ. உயரத்தில் அமைந்தால் பொருத்தமாக இருக்கும் என்றாலும், ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்குக்கூட இது வேறுபடும். மேற்பலகை 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் இருந்தால் போதும். பின்விளிம்பை முன்விளிம்பைவிட 7 செ.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 10 பாகை சாய்வு கிடைக்கும். இதற்கு மேல் சாய்த்தால் பென்சிலும் அழிப்பானும் உருண்டு விழுந்துகொண்டே இருக்கும். நோட்டு வழுக்காமலிருக்க முன்விளிம்பில் மெல்லிய சட்டம் ஒன்றை ஒட்டலாம். ஆனால் எழுதும் கையின் மணிக்கட்டை அது உறுத்தாதபடி தாழ்வாகவும் முனை மழுங்கியும் இருக்க வேண்டும்.

12 மி.மீ. கனமுள்ள பிளைவுட் இதற்குப் போதுமானது. எட்டு அடிக்கு நான்கு அடி கொண்ட முழுப் பலகை ஒன்றில் 60-க்கு 40 செ.மீ. அளவுள்ள பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒரு மேசைக்கு மேற்பலகையாக ஒரு துண்டும், இரு பக்கப் பலகைகளுக்காக இன்னொரு துண்டும் தேவை. அந்த இரண்டாம் துண்டில் ஒரே ஒரு சாய்வான வெட்டுப் போட்டால் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும் இரு பக்கங்களும் கிடைத்துவிடும்; உங்கள் பிள்ளைக்கு வேண்டிய உயரத்துக்கு மேல் இருப்பதை அடியில் நேராக அறுத்து நீக்கிக்கொள்ளலாம். இதை முதலில் ஒரு தாளில் வரைந்து வெட்டிப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். ஐந்தாம் வகுப்பு வடிவியலில் நாங்கள் கரும்பலகையில் விளக்குவதை அவர்கள் அங்கே கையால் அறிந்துகொள்வார்கள். பத்துத் துண்டுகளில் ஐந்து மேசைகளும், மிஞ்சும் இரண்டு துண்டுகளில் அவற்றுக்கான பின்சட்டங்களும் கிடைக்கும் என்பதால், ஒரே தெருவிலுள்ள ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பலகை வாங்கினால் செலவு மிகவும் குறையும். விற்பனைக் கடையிலேயே அளவு சொல்லி அறுத்துத் தரக் கேளுங்கள். அறுக்கும் வேலையைப் பிள்ளைகள் செய்ய வேண்டியதில்லை.

பின்சட்டத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வீட்டில் செய்யும் மேசைகளும் முக்காலிகளும் ஆடுவதற்குப் பெரும்பாலும் இது இல்லாததே காரணம். இரு பக்கப் பலகைகளின் மேல் மேற்பலகையைத் திருகாணியால் பிணைத்துவிட்டால் மேசை நிற்கும். ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் சாயும். இரு பக்கங்களையும் பின்புறத்தில் இணைக்கும் சட்டம் ஒன்றைப் பசையும் திருகாணியும் கொண்டு பொருத்திய பிறகே அது அசையாமல் நிற்கும். ஏன் என்று பிள்ளை கேட்டால் விளக்க ஓர் எளிய வழி உண்டு. சைக்கிள் வால்வு ட்யூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை அவற்றில் செருகி வடிவங்கள் செய்யும் முறையை, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் பணியாற்றியபோது உருவாக்கினார். கழிவுப் பொருள்களைக் கொண்டு கற்பித்த அவருக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்து அழுத்திப் பாருங்கள். அது சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சிகளால் ஒரு முக்கோணம் செய்து அழுத்துங்கள். அது வடிவம் மாறாது. சதுரத்தின் மூலைக்கு மூலை, அந்த இடைவெளிக்கேற்ற நீளமுள்ள ஒரு குச்சியைச் செருகினால் அதுவும் இரண்டு முக்கோணங்களாகி உறுதிபெற்றுவிடும். மேசையின் பின்சட்டம் செய்யும் வேலையும் இதுவே. கூரைச் சட்டங்களிலும் இரும்புப் பாலங்களிலும் முக்கோணங்கள் ஏன் இருக்கின்றன என்பதை அதன்பின் பிள்ளைகள் தாமாகவே பார்த்துச் சொல்வார்கள். ஒரு வால்வு ட்யூபும் ஒரு தீப்பெட்டியும் எவ்வளவு சிறந்த பிறந்தநாள் பரிசு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். குச்சிகளின் மருந்தைப் பெரியவர்களே முன்கூட்டி நீக்கிவிட வேண்டும்.

பிளைவுட் வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. மளிகைக் கடையிலும் பழக்கடையிலும் கிடைக்கும் தடித்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, முன்பக்கத்தில் கால்கள் நுழையும் அளவுக்கு வளைவாக வெட்டிச் சாய்வாகச் சீவினால், ஓராண்டுக்கேனும் பயன்படும் எழுதுபலகை கிடைக்கும். அட்டையினுள் இருக்கும் நெளிவுகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வைக்க வேண்டும். கிடையாக வைத்தால் கை ஊன்றியவுடன் மடங்கிவிடும். உட்புறம் மேலும் ஓர் அடுக்கு அட்டை ஒட்டினால் நன்றாகத் தாங்கும். மர அறுவை மில்லில் கிடைக்கும் துண்டுக் கட்டைகளும் ஏற்றவையே. பூவரசும் வேம்பும் நம் ஊர்ப் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் நல்ல மரங்கள். வேப்பமரத்தைப் பூச்சி எளிதில் அணுகாது. மாமரத்தில் செய்தால் விரைவில் உளுத்துவிடும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

எந்த மரத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது அதைவிட முக்கியமானது. கட்டட வேலையில் கான்கிரீட் ஊற்றப் பயன்பட்ட சென்ட்ரிங் பலகைகளில் எண்ணெய் ஊறியிருக்கும்; அவை பிள்ளைகளுக்கான பொருளுக்கு ஆகாது. வெளிநாட்டுச் சரக்குகளோடு வரும் பைன் மரச் சட்டங்களில் முத்திரை ஒன்று குத்தப்பட்டிருக்கும். அதில் எச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால், உட்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டி 30 நிமிடங்கள் அந்நிலையில் இருக்கும்படி சூடேற்றிப் பூச்சி நீக்கப்பட்ட மரம் என்று பொருள், அதைப் பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் பூச்சி நீக்கப்பட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

வண்ணம் பூசுவதில் தயவுசெய்து மிகுந்த கவனம் கொள்ளுங்கள். வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வாங்கிப் பரணில் வைத்திருக்கும் பெயின்ட் டப்பாக்களை, குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களை, இதற்காக எடுக்காதீர்கள். பழைய வண்ணம் பூசிய கட்டிலையோ கதவையோ பிரித்துப் பலகை எடுப்பவர்கள், அந்த வண்ணத்தை உப்புத்தாளால் தேய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அந்தத் தூசியில் ஈயம் இருக்கக்கூடும், வளரும் மூளைக்குச் சிறிதளவு ஈயமும் தீங்கானது. உண்மையில் சாய்வு மேசைக்கு வண்ணமே தேவையில்லை. முதலில் 80, பிறகு 120, இறுதியில் 220 என்ற எண்ணுள்ள உப்புத்தாளால் இழைவாட்டத்தில் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி உலரவிட்டால் மரத்தின் இயல்பான நிறம் அழகாக எடுத்துக்காட்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்து வெளியில் உலர்த்திய பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

மேசையைத் தவிரச் சிறு பரிசுப் பொருள்களையும் செய்ய விரும்புவோர் பலர் இருப்பீர்கள். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்காக விற்கப்படும் பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டில் செய்யும் பொம்மையைச் சோதிக்க ஆய்வகம் இல்லை. அந்தப் பொறுப்பு நம்முடையது. வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட தம்பியோ தங்கையோ இருந்தால், 32 மி.மீ. விட்டமுள்ள சிறு குழாய்க்குள் அடங்கிவிடும் அளவுள்ள எந்தப் பாகமும் பொம்மையில் தனித்துக் கழன்று வரக் கூடாது. பழைய சேலைத் துணியில் பொம்மை தைக்கும் தாய்மார்கள் கண்களுக்குப் பொத்தான் வைக்காமல் நூலால் தைத்துவிடுங்கள். பல்லாங்குழி செய்பவர்கள் காய்களாகப் புளியங்கொட்டையையோ சோழியையோ வையுங்கள்; குன்றிமணி பார்வைக்கு அழகாக இருந்தாலும், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் இருக்கிறது.

நடைபழகும் குழந்தைக்கு நடைவண்டி செய்து கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிறுதேர் உருட்டுவதும் ஒன்றாக வைக்கப்படும் அளவுக்குக் குழந்தையின் கையில் ஓர் உருளும் வண்டியைப் பார்ப்பது நம் முன்னோருக்கு மகிழ்ச்சி தந்திருக்கிறது. குழந்தை பின்னால் நின்று தள்ளிச் செல்லும் மூன்று சக்கர மரவண்டிக்கும், குழந்தையை நடுவில் உட்காரவைத்து விடும் சக்கர வாக்கருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பின்னது படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்தின் காரணமாகக் கனடாவில் 2004ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. மரவண்டியிலும் எடை அடிப்பகுதியில் அமைய வேண்டும், சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் ஓடாதபடி சற்று இறுக்கமாக இருக்க வேண்டும்.

இந்த வேலையில் பிள்ளைக்கு உண்மையான பங்கு கொடுங்கள் என்பதே நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அளவுநாடாவைப் பிடிக்கவும், புதுப் பலகையை உப்புத்தாளால் தேய்க்கவும், எண்ணெய் பூசவும் முடியும். நான்காம், ஐந்தாம் வகுப்பினர் மூலைமட்டம் வைத்துக் கோடு இடவும், நீங்கள் துளையிட்டுக் கொடுத்த இடத்தில் திருகாணி முடுக்கவும் வல்லவர்கள். மகன்களைப் போலவே மகள்களின் கையிலும் சுத்தியலைக் கொடுங்கள். கோடு கோணலாகும், பசை வழியும், இரு நாளில் முடிய வேண்டியது ஒரு வாரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை உறங்கிய பிறகு நீங்களே திருத்திச் செம்மைப்படுத்திவிடாதீர்கள். வேலைக்குச் சென்று இரவில் திரும்புபவர்கள் தாத்தாவிடமோ மாமாவிடமோ ஒப்படைக்கலாம். தச்சரிடம் கொடுத்துச் செய்வதும் தவறில்லை. ஆனால் பிள்ளையை அருகில் அமர்த்தி, அவருக்கு உதவச் சொல்லுங்கள்.

மேசை தயாரானதும் அதை வைக்கும் இடத்தையும் தீர்மானியுங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தும், இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்பக்கத்திலிருந்தும் வர வேண்டும். இல்லையெனில் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். பிள்ளை வளர வளர, பக்கப் பலகைகளின் அடியில் ஒரே கனமுள்ள கட்டைகளைப் பொருத்தி உயர்த்திக்கொள்ளலாம்.

பள்ளி திறந்ததும் யாரும் மேசையைச் சுமந்து வர வேண்டாம். இது போட்டியன்று, மதிப்பெண்ணோ பரிசோ இல்லை. நீங்கள் எடுத்த முழங்கால் உயரம், முழங்கை உயரம் ஆகிய இரண்டு அளவுகளை மட்டும் பிள்ளையின் கையெழுத்தில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். நம் வாசிப்பு மூலையில் வைக்க மூன்று உயரங்களில் சாய்வு மேசைகள் செய்ய எண்ணியிருக்கிறோம். அந்த உயரங்களை உங்கள் அளவுகளைக் கொண்டே முடிவு செய்வோம். மிஞ்சிய பிளைவுட் துண்டுகள் இருந்தால் அவற்றையும் பள்ளிக்குத் தரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்