முதல் பருவத்திலேயே கைகொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. பேருந்துக்கும் நோட்டுக்கும் வீட்டில் கையேந்த வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அரசு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நான் நன்கறிவேன். ஆனால், வகுப்பில் வந்து அமர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகள் படும் பாட்டை நாம் போதிய அளவு பேசவில்லை.

கணம், அணிக்கோவை, வகையிடல் என்று தமிழ்வழியில் படித்து நல்ல மதிப்பெண்ணும் பெற்று வந்தவர்கள், பி.எஸ்சி. முதல் வாரத்தில் செட், டிடர்மினன்ட், டிஃபரன்சியேஷன் என்று காதில் விழுந்ததும், தெரிந்த பாடத்தையே தெரியாத பாடம் என்று எண்ணி மிரண்டுவிடுகிறார்கள். நெசவாளர் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்த மாணவி ஒருத்தி, மூன்று வாரம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் நோட்டை நீட்டி, "மேடம், எல்லா கணக்கும் லெட், லெட்னே ஆரம்பிக்குதே, அப்படின்னா என்ன?" என்று கேட்டாள். பள்ளியில் 'எக்ஸ் என்க' என்று எழுதினாயே, அந்த 'என்க'தான் இது என்றதும், அடுத்த கணக்கை அவளே போட்டுவிட்டாள். கேட்கத் துணியாதவர்கள் அரியர் மேல் அரியர் வைத்து, இரண்டாம் ஆண்டுக்குள் படிப்பையே நிறுத்தியதையும் பார்த்திருக்கிறேன்.

பள்ளிப் பாடத்திலிருந்து கல்லூரிப் பாடத்துக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஒரு வாரம் நாங்கள் நடத்தியதுண்டு. கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் இடம் கிடைத்தவர்கள் வந்து சேர்வதற்குள் அது முடிந்துவிடும். முதல் பருவம் முழுவதும், வாரம் மூன்று மணி நேரமாவது, கால அட்டவணைக்குள்ளேயே இது நடக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் ஜவுளிக்கடை வேலைக்கு ஓடுகிறவர்களை மாலையில் இருத்திவைக்க முடியாது. 'சுமாரான மாணவர்கள்' என்று தனியே பிரித்து உட்கார வைப்பதும் கூடாது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்கள் கால்குலஸில், அதாவது நுண்கணிதத்தில், தோற்பதற்குத் தனித்தனியே படிப்பதும் ஒரு காரணம் என்று கண்ட கணிதவியலாளர் யூரி டிரைஸ்மன், அவர்களைக் குழுவாக அமர்த்தி, எளிய கணக்கு அல்ல, கடினமான கணக்குகளையே கொடுத்தார், தேர்ச்சி உயர்ந்தது. இங்கும் நால்வர் நால்வராகக் கரும்பலகை முன் நிற்கட்டும். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குச் சிறு ஊக்கத்தொகை தந்து துணைக்கு வைக்கலாம்.

ஆங்கிலத்தை விலக்கச் சொல்லவில்லை. ஐஐடி முதுநிலை அறிவியல் சேர்க்கைக்கான ஜாம் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதற்குச் செல்லும் முதல் படியைத் தமிழில் அமைக்க, வரும் கல்வியாண்டிலேயே உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியை,
விழுப்புரம்.