அடுத்த சுவர் யாருடையது

பாளையங்கோட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள இசக்கி,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறவனைத் திட்ட உனக்கு முழு உரிமை உண்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி. எனக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறவையும் சேர்த்து.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நம் வாத்தியாரின் பேத்தி கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். சர்வாதிகார நாடுகளின் சுவரொட்டிகளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். "நாற்பது வருஷம் சுவரில் எழுதியவர் நீங்கள், பார்த்துச் சொல்லுங்கள் தாத்தா" என்று ஒரு கட்டுப் படங்களை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வரலாறு எனக்கென்ன தெரியும்? தொழில் தெரியுமே. இரண்டு இரவு உறக்கம் போயிற்று.

அந்தப் படக்கட்டில் முதலில் இருந்தது ஒரு கை. 1930இல் மாஸ்கோவில் குஸ்தாவ் குளுத்சிஸ் என்பவர் செய்த சுவரொட்டி. உள்ளங்கை நம்மைப் பார்க்க, பல கைகள் சேர்ந்து ஒரே பெரிய கையாக உயர்ந்து நிற்கின்றன. பெரும் வேலைகளின் திட்டத்தை நிறைவேற்றுவோம் என்பது வாசகம். மாதிரிக்கு ஆள் தேடாமல் தன் கையையே படம்பிடித்து ஒட்டியிருக்கிறார் மனிதர். ரேகைகூடத் தெரிகிறது. ஒரு தொழிலாளியின் கையும் ஆயிரம் தொழிலாளிகளின் கையும் ஒன்றே என்பதை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் சொல்லிவிட்டார். நீ பார்த்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பீடி பற்றவைத்திருப்பாய்.

அதே ஆள் 1933இல் செய்ததும் கட்டில் இருக்கிறது. கை போய்விட்டது. மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் என்று நான்கு தலைகள் செங்கொடிகளின்மேல் வரிசையாக நிற்கின்றன. ஜனங்கள் பின்னால் எறும்பு அளவில் இருக்கிறார்கள். செத்துப்போன மூவருக்கு அருகே உயிரோடிருக்கிற ஒருவரை அதே அளவில் நிறுத்தினால் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும் என்பது, கோயில் திருவிழாத் தட்டியில் உபயதாரர் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து எழுதிய நமக்குத் தெரியாததா? இடையில் 1931இல் கட்சியின் மத்தியக் குழு தீர்மானம் போட்டு, சுவரொட்டித் தயாரிப்பை ஒரே அரசுப் பதிப்பகத்தின் கைக்குக் கொண்டுபோயிருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒப்பந்தக்காரர் ஒருவர்தான், அவரும் அரசாங்கம்தான்.

அந்தக் குளுத்சிஸை 1938 ஜனவரியில் கைது செய்து பிப்ரவரியில் சுட்டுவிட்டார்கள். லாத்வியாக்காரர் என்பதே போதுமான குற்றமாக இருந்த நாட்கள் அவை. மனைவி வாலண்டினா குலாகினாவும் சுவரொட்டி ஓவியர். கணவர் சுட்டுக்கொல்லப்பட்ட உண்மை 1989இல்தான் வெளியே வந்தது. அந்த அம்மாள் 1987இலேயே கண்ணை மூடிவிட்டார்.

ஜெர்மனிப் படங்கள் வேறு வகையில் என்னைப் பிடித்துக்கொண்டன. பெர்லின் தெருக்களில் சுவரொட்டி ஒட்டுவதற்கென்றே தடித்த உருண்டைத் தூண்கள் உண்டு. லிட்ஃபாஸ் என்ற அச்சகக்காரர் 1855இல் நிறுத்திய ஏற்பாடு. 1932 தேர்தல்களில் சமூக ஜனநாயகக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, நாஜிக் கட்சி என்று எல்லோருமே சுவரொட்டிகளில் மோதிக்கொண்டார்கள். அப்போதைய நாஜிச் சுவரொட்டி ஒன்றில் ஹிட்லரின் முகமே இல்லை. வேலையற்றவர்களின் ஒட்டிய கன்னங்களும், கீழே 'எங்கள் கடைசி நம்பிக்கை: ஹிட்லர்' என்ற எழுத்தும் மட்டும். 1933 ஜனவரி 30 அன்று அவர் பதவியேற்றார். மார்ச்சில் கோயபல்ஸின் கீழ் பிரச்சார அமைச்சகம் பிறந்தது. ஜூலை 14 அன்று நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாதென்று சட்டம் வந்தது. மொத்தம் ஐந்தரை மாதம். ஒரு சுவருக்குக் கூலி வசூலிக்கவே நாம் அதைவிட அதிக நாள் அலைந்திருக்கிறோம்.

அந்த ஆண்டுச் சுவரொட்டிகளில் ஜனாதிபதியாக இருந்த கிழவர் ஹிண்டன்பர்க்கும் ஹிட்லரும் சேர்ந்தே நிற்கிறார்கள். 1934 ஆகஸ்டில் கிழவர் இறந்தார். 1938இல் 'ஒரே மக்கள், ஒரே பேரரசு, ஒரே தலைவர்' என்று இடுப்பில் கைவைத்து நிற்பவர் ஒருவர்தான். கும்பல், பிறகு இருவர், பிறகு ஒருவர். தேதியை மறைத்துவிட்டுக் கொடுத்தாலும் இந்த வரிசையை நான் சரியாக அடுக்கிவிடுவேன்.

சுவரொட்டியைப் பார்த்தா ஜனம் ஏமாறுகிறது என்று நீ கேட்பாய். பேத்தியும் அதைத்தான் கேட்டாள். ரோமாபுரிப் படத்தை எடுத்துக் காட்டினேன். 1934இல் கட்சி அலுவலகமாக இருந்த ஒரு மாளிகையின் முகப்பு முழுக்க முசோலினியின் ராட்சத முகம், சுற்றிலும் 'ஆம் ஆம் ஆம்' என்று இடைவெளியில்லாமல் எழுத்து. (கூலி எழுத்துக் கணக்கிலா, சதுர அடிக் கணக்கிலா என்றுதான் முதலில் யோசித்தேன்.) அந்த ஆண்டு நடந்த வாக்கெடுப்புக்காக எழுதியது அது. வாக்குச் சீட்டில் 'ஆம்' என்பதற்குக் கொடியின் மூவண்ணம், 'இல்லை' என்பதற்கு வெறும் வெள்ளை. 'ஆம்' 99.84 சதவீதம். அந்தச் சுவரை யாரும் நம்பத் தேவையில்லை, இசக்கி. தன்னைத் தவிர எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்று ஒவ்வொருவனும் நினைத்தால் போதும். அப்படி நினைக்க வைப்பதற்கு முகம் எவ்வளவு பெரிது என்பது முக்கியமில்லை, எதிர்ச்சுவரில் வேறு எழுத்து இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு உறக்கம் போயிற்று. நாம் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. ஒரே இரவில் மேற்குச் சுவரில் ஒரு கட்சிக்கும் கிழக்குச் சுவரில் எதிர்க்கட்சிக்கும் எழுதி, இரண்டு பக்கமும் டீ வாங்கிக் குடித்தவர்கள். வீரவநல்லூரில் சின்னத்தை மாற்றி வரைந்துவிட்டு நீ ஓடிய ஓட்டம் வேறு. ஆனால் தச்சநல்லூர் ரைஸ்மில் சுவர் உனக்கு நினைவிருக்கும். நாம் எழுதி முடித்த பிறகு, பக்கத்தில் மற்றவன் எழுதியிருந்ததற்கும் சுண்ணாம்பு அடித்தால் இரட்டைக் கூலி என்று அந்த ஏஜெண்டு சொன்னபோது, "எழுதத்தான் வந்தோம், அழிக்க வரவில்லை" என்று என் கையிலிருந்த மட்டையை நீ பிடுங்கினாய். நான் ஒன்றும் பேசாமல் உன்னோடு சைக்கிளில் ஏறினேன்.

மறுநாள் விடியுமுன் நான் மட்டும் திரும்பிப் போய் அடித்துவிட்டு வந்தேன். ஒரு கோட் போதவில்லை, சிவப்பு கசிந்துகொண்டே இருந்தது, இரண்டாவது கோட் அடித்தேன். காலையில் நீ பார்த்துவிட்டு, வேறு எவனையோ வைத்துச் செய்துவிட்டார்கள் என்று ஏஜெண்டைத் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். உன் மூத்தவள் காதுகுத்துக்கு நான் எழுதிய மொய் அந்தப் பணம்தான்.

பேத்தியிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் அவளிடம் சொல்வது முறையில்லை. திட்டுவதென்றால் போனில் வேண்டாம், மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். கடிதமாக எழுது.

அன்புடன்,
பேச்சி