அம்மாவின் பிடியரிசி

பாளையங்கோட்டை
ஜூன் மாதம், சாரல் தொடங்கிய வாரம்

அன்புள்ள தோழிக்கு,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள்.

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, இன்றைக்குப் பதில் எழுதணும், நாளைக்கு எழுதணும் என்று தினமும் எடுத்துப் பார்த்தேன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இப்போது வாக்கர் இல்லாமலே மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்தபோது வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். பேத்தியின் ஞானஸ்நானப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "நெத்தி அகலம், நல்லாப் படிக்கும்" என்றாள். யாருடைய பேத்தி என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் படத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய்: "அம்மாவைக் கவனிப்பதற்கு நடுவில் ஜெபிக்க நேரம் கிடைக்கிறதா உனக்கு?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். இந்தக் கோடையில் நடந்ததைச் சொன்னால்தான் அது உனக்கான பதிலாகும்.

அம்மாவுக்கு 86 வயதாகிறது. மறதி தொடங்கி இரண்டு வருஷம். என்னைச் சில நாள் மகள் என்பாள், சில நாள் "அக்கா" என்று கூப்பிடுவாள். சாயங்காலமானால் அப்பா இன்னும் வரலையே என்று வாசலைப் பார்ப்பாள். ஆனால் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைத் தொடங்கிக் கொடுத்தால் போதும், ஒரு சொல் பிசகாமல் முடித்துவிடுவாள். அப்புறம் இன்னொன்றும் மறக்கவில்லை. பிடியரிசி.

நாம் சாராள் தக்கர் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாயே, அடுப்படி மூலையில் மண் மூடி போட்ட பானை ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போட்டுவிட்டுத்தான் அம்மா மீதியைக் களைவாள். மாசக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைந்த மாசத்திலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. பணம் கையில் புழங்காத பெண்கள் கொடுத்த காணிக்கை அது. நம் பக்கத்துக் கிராமத்துக் கோயில்களின் கணக்கில் இந்த அரிசிக்கும் பங்கு உண்டு.

இப்போது என்ன ஆகிவிட்டது என்றால், எடுத்தோம் என்பதே அம்மாவுக்கு நினைவில் நிற்பதில்லை. ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை எடுப்பாள். அரிசி கண்ணில் பட்டால் கை போய்விடும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒருநாள், இட்லிக்கு ஊறப்போட்டிருந்ததிலிருந்தும் அள்ளிப் போட்டிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்தால் பானை முழுதும் புளித்து நூல் விட்டுக் கிடந்தது. முதல்நாள் இரவு வேறு தூக்கமில்லை. "எத்தனை தடவைம்மா எடுப்பே? உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று கத்திவிட்டேன்.

அப்போதும் அவள் கையில் ஒரு பிடி இருந்தது. என் முகத்தைப் பார்த்தபடியே விரல்களைத் திறந்தாள். அரிசி தரையில் உதிர்ந்தது. உள்ளங்கை ஈரத்தில் ஏழெட்டு மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதையும் இன்னொரு கையால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள், திருடியதைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளை மாதிரி. "காணிக்கைக்குத்தானே" என்றாள், மெதுவாக.

ராத்திரிக்குள் அவள் மறந்துவிட்டாள். எனக்கு மறக்க முடியவில்லை. அன்றைக்கு ஜெபிக்க உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்படியே குருத்தோலை ஞாயிறு வந்தது. பவனியில் எல்லாரோடும் ஓலை பிடித்துக்கொண்டு நடந்தேன், பாடினேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாவதான "அதோ, உன் தாய்" என்பதை வாசித்தபோது தலை நிமிர முடியவில்லை எனக்கு. அந்த வேதனையிலும் தாயை யார் கையில் ஒப்புவிப்பது என்று யோசித்த மகன் அவர். ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆராதனைக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனேன். ஊசிக்கோபுரத்து மணி அடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. அது போதும் என்று திரும்பி வந்தேன்.

மே மாதம் கத்திரி வெயிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தரங்கம்பாடிக்கு வேன் போட்டார்கள். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். தம்பி மனைவி ஊரிலிருந்து வந்து, "மூணு நாள் நான் பாத்துக்கிடுதேன் மைனி, நீங்க போயிட்டு வாங்க" என்று பையையே எடுத்துக் கையில் கொடுத்தாள். அவளை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

தரங்கம்பாடியை நீ பார்த்ததில்லையே? கடற்கரைக்குப் போகும் வழியில் பழைய நுழைவாயில் ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டினால் ராஜவீதி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டின கோட்டை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில், கடல் கொண்டதுபோக மீதி. அலை அதன் காலடி வரைக்கும் வந்து போகிறது. 2004இல் சுனாமி இந்தக் கரையில் எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பதை நினைத்தபோது, நிற்க மனமில்லாமல் எல்லோரும் தெருவுக்குள் வந்துவிட்டோம்.

ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு கட்டின புதிய எருசலேம் ஆலயம் அந்தத் தெருவில்தான். 1706 ஜூலை 9ஆம் தேதி, இருபத்துநாலு வயதையொட்டிய வாலிபராக, உடன் ஊழியர் புளூட்சோவோடு வந்து இறங்கினவர். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வாத்தியாரையும் அவருடைய பள்ளிக்கூடத்தையுமே தன் வீட்டுக்கு வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். முப்பத்தைந்து வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். முதன்முதலாக "அ" எழுதும்போது பிள்ளை விரல் எப்படி நடுங்கும் என்று எனக்குத் தெரியும். இடையில் அவரை அனுப்பின டென்மார்க்கின் அதிகாரியே நாலு மாசம் கோட்டையில் அடைத்து வைத்தார். அதையும் தாண்டி 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1718இல் இந்த ஆலயம். அடுத்த வருஷமே, 36 வயதில் மரித்து, அதற்குள்ளேயே அடக்கமானார்.

பழைய ஏற்பாட்டை மொழிபெயர்த்துக்கொண்டு வந்தவர் ரூத் புத்தகம் வரைக்கும்தான் முடித்திருந்தார். அதற்கு மேல் ஆயுசு இல்லை. இதைக் கேட்டதும் எங்கள் தலைவி, "அப்ப இன்னைக்கு ரூத்தையே வாசிப்போம்" என்றார். பீடத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சமாக வாசித்தோம். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்கிற இடம் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாம் அதிகாரத்தில் என் முறை வந்தது. ரூத் கதிர் பொறுக்க வருகிறாள். வயலுக்குச் சொந்தக்காரன் போவாஸ் வேலைக்காரர்களிடம், அவள் பொறுக்கிக்கொள்ளும்படி அரிகளில் கொஞ்சம் சிந்தவிடுங்கள் என்று சொல்கிறான். அதோடு ஒரு சொல்: "அவளை அதட்டாதிருங்கள்."

ஏட்டி, எத்தனை தடவை அந்த அதிகாரத்தை வாசித்திருப்போம்! அந்தச் சொல் அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. தரையில் விழுந்த அரிசியும் அம்மா தன் கையில் ஒட்டின மணிகளைத் தட்டிவிட்டதும் கண்முன்னால் வந்தது. மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தை வாங்கி வாசித்து முடித்தார். நான் முகத்தைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு அழுதேன். அந்த ஒன்றரை மாசத்தில் நான் செய்த முதல் ஜெபம் அந்த அழுகைதான்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பானையைக் கழுவி வெயிலில் காயவைத்தேன். ஊறப்போடுகிற அரிசியைக் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றினேன். ஒரு அகலச் சம்படத்தில் காய்ந்த பொன்னி அரிசியைப் போட்டு அம்மா நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்தேன், பிடியரிசிப் பானையையும் அதன் அருகில். எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கட்டும். எடுக்கும்போது அவள் உதடு அசைகிறது. கிட்டப்போய்க் கேட்டேன். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பேர் சொல்கிறாள். அப்பா பேர், செத்துப்போன சித்தி பேர், தம்பி பேர். ஒருநாள் உன் பேரும் வந்தது. உன் முழங்காலுக்காக ஜெபித்தவர்களில் அவளும் ஒருத்தி, தெரிந்துகொள்.

மே கடைசியில் ஒரு கார் பிடித்து அவளை இடையன்குடிக்குக் கூட்டிப்போனேன். பிறந்த ஊரைக் கடைசியாக ஒரு தடவை காட்டணும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இட்டமொழி தாண்டித் திசையன்விளை போகும் வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தாள். செம்மண் தேரியும் பனையும் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வழியில் நிறுத்திப் பனையோலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து, வாய்க்குள் ஓலைமணம் போகிற மாதிரி நிதானமாகக் குடித்தாள்.

கால்டுவெல் ஐயர் மிஷனரியாக அந்த ஊருக்கு 1841இல் வந்தார். ஆலயத்தை 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டை செய்தார்கள், 33 வருஷம். தூணில் வருகிற வேலைப்பாட்டை அவரே களிமண்ணில் செய்து காட்டுவாராம், கொத்தனார்கள் அதைப் பார்த்துச் செய்வார்களாம். கொடைக்கானலில் 1891இல் மரித்தவரை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் பண்ணினார்கள். தமிழ்நாட்டுக்கு அவர் ஒப்பிலக்கணம் எழுதின அறிஞர், மெரினாவில் சிலையாக நிற்பவர். அம்மாவுக்கு அவர் ஊர் ஐயர், அவ்வளவுதான். தங்கள் பாட்டனார்களில் ஒருவர் அந்த ஆலயத்துக்குக் கல் சுமந்தார் என்று சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆலயத்துக்குள் போனதும் "இது யாரு கட்டினது?" என்றாள். "நம்ம தாத்தா கல் சுமந்தாராம்மா, நீதானே சொன்னே" என்றேன். "அப்படியா!" என்று புதுச் செய்தி கேட்ட மாதிரிச் சந்தோஷப்பட்டாள்.

அந்த ஊரில் பெண்களுக்கு ரேந்தை (லேஸ்) பின்னுகிற தொழிலைக் கொண்டுவந்தவர் கால்டுவெல்லின் மனைவி எலைசா. அம்மாவும் சிறுமியாக இருந்தபோது அதைப் படித்தவள். உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் பரணில் கிடந்த பழைய ரேந்தைத் தலையணையை எடுத்து, நூல் சுற்றின சின்ன மரக்கட்டைகளோடு அவள் மடியில் வைத்தார். கொஞ்சநேரம் சும்மா பார்த்தாள். பிறகு இரண்டிரண்டு கட்டையாக எடுத்து மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தாள். கட்டைகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் டக் டக் என்று கேட்டது. என் பேர் நினைவில்லாத என் அம்மாவின் விரலுக்கு எழுபது வருஷத்துக்கு முந்தின பின்னல் நினைவிருந்தது. இவள் என்னை மறந்தாலும் இவளை உண்டாக்கினவர் இவளை மறக்கவில்லை என்று அந்த இடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உன் கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் இதுதான். நேரம் ஒதுக்கி முழங்கால்போட்டு ஜெபிப்பது இப்போதும் சில நாள்தான் முடிகிறது. ஆனால் மறுபடியும் ஜெபிக்கிறேன்.

மற்றச் செய்திகள்: பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி, வி.பி.எஸ்., நல்லபடியாக நடந்தது, பத்து நாள். சின்னப் பிள்ளைகள் வகுப்பை என்னிடம்தான் கொடுத்தார்கள். மாடியில் கூழ்வற்றல் போட்டேன், பாதியைக் காக்கா தின்றது போக உனக்கு ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன். வாசலில் இருந்த வேப்பமரத்தைச் சாலை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். அதைப் பற்றி எழுதினால் மனசு தாங்காது.

அம்மாவின் அரிசி என்ன ஆனது என்று கேட்பாய். ஒரே மாசத்தில் பதினோரு கிலோ! எடுத்துக்கொண்டுபோய்க் குருவானவரிடம் கொடுத்தேன். வழக்கப்படி ஏலம் போடாமல், வி.பி.எஸ். கடைசி நாள் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறாகவே ஆக்கிவிடலாம் என்றார். கோயில் வளாகத்தில் பெரிய வட்டாவில் சோறும் பருப்புச் சாம்பாரும் வெந்தது. அறுபதுக்கு மேல் பிள்ளைகள், வேப்பமர நிழலில் வரிசையாக இலை. சக்கர நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டாள். "உன் வீட்டுக் கல்யாணம்தாம்மா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, "பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு" என்றாள்.

குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்கிறார்கள். இங்கேயும் நாலு நாளாகக் காற்றில் ஈரம் இருக்கிறது. மருத்துவர் பயணம் போகலாம் என்று சொன்னதும் கிளம்பி வா. கீழ் அறையைக் காலி பண்ணி வைத்திருக்கிறேன், படி ஏற வேண்டாம். கருப்பட்டி இந்த வருஷம் நன்றாக இருக்கிறது, உடன்குடியிலிருந்து வந்தது. வரும்போது உன் பழைய கீர்த்தனைப் புத்தகத்தைக் கொண்டு வா. அம்மா பாடுகிற சில அடிகள் என்னுடைய புத்தகத்தில் இல்லை.

அடுப்படியில் சம்பட மூடி சத்தம் கேட்கிறது. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து யார் பேர் வருகிறது என்று கேட்கணும்.

கர்த்தருக்குள் அன்புள்ள,
உன் ஹாஸ்டல் தோழி