பக்கத்துக் கட்டிலுக்குத் தெரிய வேண்டியது

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய சுகர் நோட்டுப் படத்தைப் பார்த்தேன், எண்களில் பெரிய குறை இல்லை. ஆனால் போனை வைக்கும்போது, "ஹாஸ்டல்ல யாருக்கும் தெரியாதுப்பா, பாத்ரூம்ல போயி இன்சுலின் ஊசி போட்டுக்கிறேன்" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். தாளாக இருந்தால் அலமாரிக் கதவில் ஒட்டி வைக்கலாம்.

ஹாஸ்டல் முழுக்கச் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் பெண், வார்டன் அக்கா, ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர், இவர்களுக்குத் தெரிந்தால் போதும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். அதுவரை நீயே சமாளித்துக்கொள்வாய். 54-க்கும் கீழே போனால் பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், "எனக்கு ஒண்ணுமில்லை, விடு" என்று அடம்பிடிப்பாய். சர்க்கரை வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டிய மூளைக்கே அப்போது சர்க்கரை பற்றாது. அந்த நேரத்துக்கு வேறொருவர் மூளை வேண்டும்.

பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதே. "எனக்கு டைப் 1 டயாபடீஸ். என் உடம்பில் இன்சுலின் சுரக்காது, ஊசியில் போட்டுக்கொள்கிறேன். யாருக்கும் ஒட்டாது. சில நேரம் சுகர் இறங்கிடும், அப்போ இந்த குளுக்கோஸ் பொட்டலத்தைக் கொடு." அவ்வளவுதான். சொல்லும்போதே பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, அவள் அலமாரியில் எந்தத் தட்டு என்று பார்த்து வைக்கச் சொல். உன் பையில் மட்டும் இருந்தால், நீ மயங்கிக் கிடக்கும்போது அவள் பதினாறு ஜிப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

பார்சலில் பன்னிரண்டு பொட்டலம் இருக்கிறது. குளுக்கோஸ் பவுடர், நம் மருந்துக்கடைத் தராசில் 15 கிராம் நிறுத்துக் கட்டியது. அரை டம்ளர் தண்ணீரில் ஒரு பொட்டலம், ஒரே மூச்சில் குடி. 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொன்று. பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால் மூன்று டீஸ்பூன் சீனி, இல்லையென்றால் 150 மில்லி பழ ஜூஸ். சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஏறிய பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஓர் இட்லியோ சாப்பிட்டுக்கொள்.

அந்தப் 15 நிமிடம்தான் கஷ்டம். உடம்பு "இன்னும் போடு, இன்னும் போடு" என்று கத்தும். பயத்தில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் முழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் 300 காட்டும். அதைப் பார்த்துப் பதறி ஊசி போடுவாய், சர்க்கரை இறங்கி மறுபடி லோ. மருந்துக்கடைக்கு வந்து "என் சுகர் ஊஞ்சல் ஆடுது" என்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். சாப்பாட்டுக்குப் போடும் வேக இன்சுலின் நாலு மணி நேரம் வரை உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். முதல் ஊசி முடியாமல் அதன் தலைமேல் இரண்டாவதை ஏற்றாதே.

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு, செய்யக் கூடாத இரண்டைக் கட்டாயம் சொல்லிவை. நீ நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தண்ணீர், ஜூஸ் எதுவானாலும் நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். (அந்த 108 தொடங்கியதே உன் ஹைதராபாத்தில்தான், 2005-ல்.) இரண்டாவது, "சுகர் பேஷன்ட் மயங்கிட்டா" என்று பயந்து உன் இன்சுலின் பேனாவை எடுத்து ஊசி போட்டுவிடக் கூடாது. நல்ல மனசோடுதான் செய்வார்கள், ஆளையே கொன்றுவிடும். தெருவிலோ பஸ்ஸிலோ உனக்கே சொல்ல வேண்டி வந்தால் தெலுங்கில் "நாகு ஷுகர் டௌன் அயிந்தி" என்று சொல், யாரும் புரிந்துகொள்வார்கள். டீக்கடையில் "சக்கெர லேகுண்டா", அதாவது சீனி இல்லாமல், என்று கேள். சீனி கலந்தே காய்ச்சி வைத்திருக்கும் கடை என்றால் வேறு கடை பார்.

காலையில் ஓர் ஏற்பாடும் செய்துகொள். எழுந்ததும் எனக்கு ஒரு மெசேஜ், ஒரு புள்ளி வைத்தாலும் போதும். ஏழரைக்குள் வரவில்லை என்றால் அழைப்பேன், எடுக்காவிட்டால் வார்டன் அக்காவை அழைப்பேன். தலையணை ஈரமாக, தலைவலியோடு எழுந்தால் ராத்திரி லோ ஆகியிருக்கலாம். இரண்டு நாள் அலாரம் வைத்து விடியற்காலை மூன்று மணிக்குக் குத்திப் பார்த்து எழுதி, டாக்டரிடம் காட்டு. சாயங்காலம் ஷட்டில் ஆடினாலோ நீண்ட தூரம் நடந்தாலோ அன்றைய ராத்திரிதான் இறங்கும். ஆடி முடித்த கையோடு பார்த்த எண் நன்றாக இருக்கிறதே என்று நம்பித் தூங்கிவிடாதே.

இனி நான் எந்நேரமும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உன் பேனாவில் இருப்பது மில்லிக்கு 100 யூனிட். பேனா உடைந்தோ தொலைந்தோ போய், ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனைக் கடையில் குப்பியும் சிரிஞ்சும் வாங்க நேர்ந்தால், அவர் எடுத்துக் கொடுப்பது 40 யூனிட் குப்பியாக இருக்கலாம். நம் நாட்டில் இரண்டும் விற்கிறது. 40 குப்பிக்கு 40 சிரிஞ்சு, அதற்குச் சிவப்பு மூடி. 100-க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார். 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான், அன்று முழுக்க சுகர் ஏறியே இருக்கும். 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் 25 யூனிட், ஆஸ்பத்திரிதான். பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுவதும் இதே ஆபத்து. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றால் அடுத்த கடைக்குப் போ. குப்பியின் பெயரும் டாக்டர் எழுதித் தந்த அட்டையிலுள்ள பெயரும் ஒன்றா என்றும் பார்த்துக்கொள். பேர் மாறினால் வேலை செய்யும் வேகமே மாறும்.

பேனாவில் நீ செய்யும் ஒரு தப்பு படத்திலேயே தெரிந்தது. ஊசியை மாட்டியபடியே வைத்திருக்கிறாய். அந்த வழியாகக் காற்று உள்ளே போகும், மருந்து ஒழுகும், அளவு குறையும். ஒவ்வொரு முறையும் புது ஊசி. மாட்டியதும் 2 யூனிட் திருப்பி, பேனாவை நிமிர்த்திப் பிடித்து வெளியே விட்டுப் பார், நுனியில் சொட்டு வர வேண்டும். போட்ட பிறகு பட்டனை அழுத்தியபடியே பத்து வரை எண்ணி எடு. முன்னாடியே எடுத்தால் தோலில் ஒரு துளி நிற்கும், அது உனக்குப் போக வேண்டிய துளி. ஒரே இடத்தில் போடாதே. கடைசியாகப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளிப் போடு. குளிக்கும்போது வயிற்றைத் தடவிப் பார், கட்டியாகத் தட்டினால் அந்த இடத்தை விட்டுவிடு. அதில் போட்டால் வலிக்காது என்று பலர் அதையே தேடிப் போவார்கள். ஆனால் மருந்து அங்கே ஒருநாள் உறிஞ்சும், ஒருநாள் உறிஞ்சாது. நல்ல இடத்துக்கு மாறிய முதல் வாரம் அதே அளவே அதிகமாகிப் போகலாம், டாக்டரிடம் கேட்டு மாறு.

இன்சுலினை இங்கிருந்து அனுப்பவில்லை. வெயிலில் பார்சலில் கிடக்கக் கூடாது, அங்கேயே வாங்கு. பிரிக்காதது ஹாஸ்டல் ஃபிரிட்ஜில் நடுத்தட்டில், ஐஸ் பெட்டியை ஒட்டாமல். ஒருமுறை உறைந்தால் உருகினாலும் குப்பைதான். பயன்படுத்தும் பேனா 30 டிகிரிக்குள் வெளியே இருக்கலாம், பெரும்பாலானவை 28 நாள் வரை தாங்கும். பிரித்த தேதியை அதன்மேல் எழுது. ஹைதராபாத் மே மாதத்துக்கு ஒரு பெரிய மண்சட்டி, அதனுள் ஒரு சின்னது, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. பேனாவை ஜிப் கவரில் போட்டு உள்ளே வை. காற்று வறண்ட ஊரில் நன்றாகக் குளிரும், சென்னைப் புழுக்கத்தில் இது பெரிதாக உதவாது.

குளுக்கோமீட்டர் சங்கதி ஒன்றிரண்டு. மாம்பழம் உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். சோப்பில் கழுவி, நன்றாக ஈரம் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்து. உடனே மறுபடி குத்தி 160-க்கு 178 காட்டினால் மீட்டரைத் திட்டாதே. 100-க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்றுதான் அதன் சர்வதேசத் தர அளவே. மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி-யும் தனியாக நம்பத் தக்கதல்ல. இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை இருந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்தே பார்க்கச் சொல்.

சாப்பாட்டைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து, வெந்த சோறு 150 கிராமில் 42 கிராம் பக்கம். ஹாஸ்டல் கரண்டியில் ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டால் பிறகு கண்ணே சொல்லிவிடும். பிரியாணி வேறு ரகம். நெய்யும் இறைச்சியும் இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், இரண்டு மணி நேரத்தில் பார்த்தது சரியாக இருந்து, நாலாவது மணியில் 260 நிற்கும். ஓட்டலில் தட்டு மேசைக்கு வரும்முன் ஊசி போடாதே, ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் முக்கால் மணி நேரம் தாமதமாகலாம். "கேழ்வரகு சாப்பிடு, கருப்பட்டி போட்டுக்கோ, அதெல்லாம் ஒண்ணும் செய்யாது" என்பார்கள் வீட்டுக்கு வரும் மாமிகள். கேழ்வரகு மாவு 100 கிராமில் மாவுச்சத்து 65 கிராமைத் தாண்டும். கருப்பட்டியும் சீனிதான். கணக்கில் சேர்த்துச் சாப்பிடு.

காய்ச்சல், வாந்தி என்றால் "சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு" என்று ராத்திரிப் போடும் நீண்ட நேர இன்சுலினை ஒருநாளும் நிறுத்தாதே. நோய் வந்தால் சுகர் ஏறும். இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரித்து, கீட்டோன் என்னும் அமிலத்தைச் சேர்த்து ரத்தத்தைப் புளிக்க வைக்கும். மூன்று மணிக்கு ஒருமுறை பார், தண்ணீர் குடித்துக்கொண்டே இரு. 250-க்கு மேல் நின்றால் சிறுநீரில் கீட்டோன் பட்டையை நனைத்துப் பார், நிறம் மாறினால் டாக்டரை அழை. வாந்தி நிற்காவிட்டாலோ மூச்சு ஆழமாக வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்துக் கட்டில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

ஆபீஸில் இன்னும் இரண்டு பேருக்கு சுகர் என்றாயே, அவர்களோடு பழகு. காலையில் யார் எத்தனை என்று கேட்டுக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் எண்ணுக்கு அடைமொழி சேர்க்காதீர்கள். "210-ஆ, என்ன தின்னே?" என்று ஒருமுறை கேட்டால் அந்த ஆள் மறுநாளிலிருந்து 140 என்றே சொல்லுவார். அவர்கள் அளவு உனக்கு ஆகாது, உன் அளவு அவர்களுக்கும் ஆகாது. பேனாவை இரவல் கொடுக்காதே, ஊசி மாற்றினாலும் கூடாது. கார்ட்ரிட்ஜுக்குள் ரத்தம் ஏறியிருக்கும். விரல் குத்தும் கருவியும் அப்படியே. கொடுக்கலாம் என்றால் குளுக்கோஸ் பொட்டலத்தைக் கொடு. அவர்களில் யாருடைய மாத்திரைப் பட்டையிலாவது அகார்போஸ், வோக்லிபோஸ் என்று இருந்தால் ஒன்றைக் கவனி. அந்த மாத்திரை சீனியை உடைய விடாது, லோ ஆனால் சீனித் தண்ணீர் உடனே வேலை செய்யாது. அவர்களுக்கு நேரடி குளுக்கோஸ்தான். மருந்து எழுதும்போது இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், நீ சொல்லு.

"இந்த வயசுல ஊசியா, கடைசிக் கட்டமா?" என்று யாராவது கேட்பார்கள். கோபப்படாதே. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலினை முதலில் போட்டார்கள். மருந்தில் சுத்தம் போதவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை. கோலிப் என்பவர் அதைச் சுத்தப்படுத்தித் தர, பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. அதற்கு முன்னால் உன் வகை சுகர் வந்தவர்களுக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. இவ்வளவும் சொல்ல நேரமில்லை என்றால் "ஆமா, ஆரம்பக் கட்டத்திலிருந்தே ஊசிதான்" என்று சிரித்துவிட்டுப் போ.

பக்கத்துக் கட்டில் பெண் "நீ இதைச் சாப்பிடலாமா?" என்று தட்டை எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் அன்றே சொல்லிவிடு, காவல் வேண்டாம், பொட்டலம் போதும் என்று. போட்ட ஊசிகளைக் குப்பைக்கூடையில் எறியாதே, கூட்டும் அக்கா கையில் குத்தும். தரை கழுவும் திரவத்தின் காலி பாட்டில் ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் லேபில் கேட்டுக் கொடு.

பார்சல் வியாழக்கிழமை வரும். பொட்டலம் பன்னிரண்டு, 4 மில்லிமீட்டர் ஊசி ஒரு பெட்டி, கீட்டோன் பட்டை ஒரு டப்பா, அம்மா கொடுத்த பருப்புப்பொடி. பொட்டலத்தில் மூன்றைப் பக்கத்துக் கட்டில் பெண்ணின் அலமாரியில் வை, இரண்டை ஆபீஸ் டிராயரில். வைத்துவிட்டு அவள் போன் நம்பரையும் வார்டன் அக்கா நம்பரையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா