மண் கொடுத்தவர்களுக்கும் கண் கொடுத்தவர்களுக்கும்

கள்ளிக்குடி, திருமங்கலம் பக்கத்துச் சம்சாரிகளுக்கும், ஆய்வுக்கூடத்தில் எனக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

மக்காச்சோளக் காடுகளில் முட்டைக்கூடு நூற்புழு (பயிரின் வேரில் ஒட்டி வாழும், நூல் போன்ற மிகச் சிறிய புழு) இருக்கிறதா, இருந்தால் அது எந்த இனம் என்று பார்க்கும் என் முதுநிலை ஆய்வு முடிந்துவிட்டது. ஆய்வேட்டில் நன்றிக்கென்று கிடைத்த இடம் மிகவும் குறைவு. அதனால்தான் இந்த மடல்.

முதலில் காட்டுக்காரர்களுக்கு. விளையாத இடத்தை வெளியாளுக்குக் காட்ட யாருக்கும் மனசு வராது. நீங்கள் காட்டினீர்கள். பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாகி வெளுத்து நின்ற இடத்திலேயே வேரோடு மண்ணை அள்ள விட்டீர்கள். "எடுத்துக்க தாயி, ஆனா என்ன ஏதுன்னு பாத்துட்டு வந்து சொல்லிட்டுப் போ" என்று ஓர் அப்பத்தா சொன்னார். கரிசல் மண் பைகளை பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்ன கண்டக்டர் அண்ணன்களுக்கும் நன்றி.

அப்புறம், மண்ணைச் சலிக்கக் கற்றுக்கொடுத்த ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன். முட்டைக்கூடு என்பது செத்துப்போன பெண் புழுவின் உடம்புதான். தோல் தடித்துப் பழுப்பாகி, உள்ளே இருக்கும் முட்டைகளை வருஷக்கணக்கில் காப்பாற்றும். மண்ணை நிழலில் உலர்த்தித் தண்ணீரில் கலக்கினால், காய்ந்த கூடுகள் உள்ளே காற்று இருப்பதால் மிதந்து வரும். அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும் அந்தக் கூட்டை, செத்தைக்கும் விதைத் தோலுக்கும் நடுவிலிருந்து தூரிகை நுனியால் எடுக்கும் அவருடைய பொறுமை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

கூட்டை எடுத்தால் மட்டும் போதாது. அது யார் என்று சொல்வது அதன் பின்முனைக் கூம்புதான். அதைக் கண் அறுவைக் கத்தியால் நறுக்கி, சுத்தம் செய்து, கிளிசரின் ஜெல்லியில் பதித்துப் பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயா. என் முன்னால் உட்கார்ந்து, தானே ஒவ்வொன்றாக நறுக்கிக் காட்டினார். ராஜஸ்தானில் படிக்கும் தோழி ஒருத்தி கோதுமைப் புழுவின் ஸ்லைடுகளை அனுப்பிவைத்தாள். அங்கே கோதுமையிலும் பார்லியிலும் 'மோல்யா' என்று சொல்லும் நோய் 1958இல் சீகர் மாவட்டத்தில் பதிவானது. அதற்குக் காரணமான ஹெட்டிரோடெரா அவெனே என்ற முட்டைக்கூடு நூற்புழுவின் கூம்பில் பிளவு (பெண் புழுவின் பிறப்புத் துளை) குட்டையாக இருக்கும், கீழ்ப்பாலம் (பிளவுக்கு அடியில் குறுக்கே ஓடும் பட்டை) கிடையாது, உள்ளே கரும்புடைப்புகள் நெருக்கமாக நிறைந்திருக்கும். குளிரில் பொரிக்கும் அந்தப் புழுவை நம் வெயிலில் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவற்றின் வித்தியாசம் பிடிபட்டது.

மக்காச்சோளத்தைத் தாக்கும் ஹெட்டிரோடெரா சியே என்ற இனமும் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டு 1971இல் விவரிக்கப்பட்டதுதான். அதன் கீழ்ப்பாலத்தை ஒட்டி விரல் போன்ற நான்கு புடைப்புகள் இருக்கும். உங்கள் காட்டுக் கூடுகளும் எலுமிச்சை வடிவம்தான், ஆனால் அந்த நான்கு விரல்கள் இல்லை. "ஊடுபயிரா என்னம்மா போட்டிருக்காங்க? அந்த வேரைத் தோண்டிப் பாரு" என்றார் ஐயா. பார்த்தால், துவரை வேரில் வெள்ளை வெள்ளையாகப் பெண் புழுக்கள், பின்முனையில் பெரிய முட்டைப்பையோடு! அது துவரையின் முட்டைக்கூடு நூற்புழு, ஹெட்டிரோடெரா கஜானி.

அப்பத்தாவுக்கும் மற்றவர்களுக்கும் இதுதான் என் பதில். நான் பார்த்த காடுகளில் மக்காச்சோளம் குட்டையானதற்கு இந்தப் புழு காரணம் இல்லை. அதற்கு மண் பரிசோதனை செய்து சத்துக் குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அந்தத் திட்டுகளில் அடுத்த போகம் துவரை, உளுந்து, பாசிப்பயறு, தட்டாம்பயறு எதுவும் வேண்டாம். இந்தப் புழு அவற்றில் பெருகும். மக்காச்சோளமோ சோளமோ தாராளமாகப் போடலாம். எந்த இனம் என்று பார்க்காமல் கூடுகளை வெறுமனே எண்ணிப் பார்த்து, மக்காச்சோளத்தை நிறுத்திவிட்டுப் பயறு போடச் சொல்லியிருந்தால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

ஸ்லைடுகளை எல்லாம் காட்டின் பெயர் எழுதி ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கிறேன். தம்பி, தங்கைகள் எடுத்துப் பார்க்கலாம். காட்டுக்காரர்கள் வந்தால், உங்கள் மண்ணிலிருந்து எடுத்ததை நுண்ணோக்கியில் காட்டச் சொல்லி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் காடுகளில் மண் எடுத்த மாணவி,
மதுரை