திருப்பூர் கட்டுரை: ஒரு வாசகியின் வருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் திருப்பூரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நூல் விலை, அமெரிக்க வரி, ஏற்றுமதி நிலவரம் என்று சிரமப்பட்டுத் திரட்டியிருக்கிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நடுவில், "எங்கிருந்தோ வந்தவர்களால் திருப்பூர் தன் முகத்தை இழந்துவிட்டது" என்று ஒரு வரி வருகிறது. அதற்கு முன்னாலும் ஆதாரம் இல்லை, பின்னாலும் இல்லை. போகிற போக்கில் எழுதிவிட்டுக் கட்டுரையாளர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். எங்கள் தையல் யூனிட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மகள் அதைச் சத்தமாக வாசித்தாள். பக்கத்தில் இருந்த ஒடிசாப் பெண்ணுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். "நம்மளையா அக்கா சொல்றாங்க?" என்று கேட்டாள். ஆமாம், அவளையும்தான், என்னையும்தான்.

இந்த ஊரின் வரலாறு உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஊர்ப் பெயரோடு சேர்த்து நாம் சொல்லும் குமரன் சென்னிமலையில் பிறந்தவர், பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்தவர். 1932 ஜனவரியில் தடியடி பட்டுக் கையில் கொடியோடு விழுந்தது இந்த ஊர்த் தெருவில். அவரை வெளியூர்க்காரர் என்று நாம் ஒதுக்கினோமா? பனியன் தொழிலும் அப்படித்தான் வந்தது. ஆரம்பத்தில் பின்னல் எந்திரங்கள் கல்கத்தாவிலிருந்து வந்தன. அப்புறம் மழை இல்லாமல் கிணறு வற்றிப்போய்ச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். டெய்லராகி, கூட்டுச் சேர்ந்து நாலு எந்திரம் வாங்கிப்போட்டு, அவர்களே முதலாளி ஆனார்கள். எழுபதுகளின் கடைசியில் இத்தாலி வியாபாரிகள் சரக்குத் தேடி வந்த பிறகுதான் உள்ளாடை தைத்துக்கொண்டிருந்த ஊர் ஏற்றுமதிக்குத் திரும்பியது. இன்றைக்கு நாட்டின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. வந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது நொய்யல் கரையில் ஒரு பருத்திச் சந்தை, அவ்வளவுதான்.

எங்கள் குடும்பம் உசிலம்பட்டிப் பக்கம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா இங்கே அழைத்து வந்தார். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் அவரும் இருந்தார். உள்ளூர்த் தொழிலாளியும் தெற்கத்தித் தொழிலாளியும் ஒரே கஞ்சியைக் குடித்துக்கொண்டு நின்ற காலம் அது. ஆனால் வேலை முடிந்து வீடு தேடிப் போனால் கதை வேறு. "எந்த ஊரு, என்ன ஆளுங்க" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனால் முதலில் எங்கள் லைன் வீட்டைத்தான் வந்து பார்ப்பார்கள். தெற்கத்தி ஆட்கள் வந்து ஊர் கெட்டுவிட்டது என்று டீக்கடையில் என் காதுபடப் பேசினார்கள். உங்கள் கட்டுரையாளர் எழுதிய வரியை நான் பாவாடை சட்டை போட்ட வயதிலேயே கேட்டுவிட்டேன். அன்றைக்கு நாங்கள், இன்றைக்கு ஒடிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும்.

நான் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகத் தொடங்கியவள். செக்கிங், அப்புறம் ஓவர்லாக், பவர் டேபிள் என்று தையல் எந்திரங்கள். இப்போது 15 வேலம்பாளையம் என்ற பகுதியில், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பொங்கல் வந்தால் மதுரை, தேனி, திண்டுக்கல் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். பத்து நாளுக்கு ஊரே காலி. முன்பெல்லாம் அந்த நாட்களில் கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு நின்றுபோகும், விமானத்தில் அனுப்பினால் லாபம் முழுக்க அதிலேயே போய்விடும். இப்போது அந்த நாட்களில் எந்திரத்தை ஓட்டுகிறவர்கள் ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும். அவர்கள் ஹோலிக்கும், பீகார் பக்கத்துப் பெரிய பண்டிகையான சட் பூஜைக்கும் போகும்போது நம் ஆட்கள் ஓட்டுகிறார்கள். பல ஊர்ப் பண்டிகைகள் ஒரே ஊருக்குள் இருப்பது எங்கள் தொழிலுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று உங்கள் கட்டுரையில் யாரும் எழுதவில்லை. ஒரு முதலாளியிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

வருகிறவர்கள் வெறும் கையோடு வருவதும் இல்லை. ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் அரசுத் திட்டத்தில் தையல் பயிற்சி முடித்துவிட்டு நேராகத் திருப்பூர் வரும் பெண்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் வங்காளி டெய்லர் கல்கத்தா மேட்டியாபுருஸ் பட்டறைகளில் வேலை பழகியவர். காலர் வைப்பது கைவராமல் எங்கள் பழைய டெய்லர்கள் திணறிய ஒரு மாடலை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நம் ஆள் அவருக்குக் கொங்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். இப்போது "வாங்கோ, போங்கோ" என்று என்னைவிட அழகாகப் பேசுகிறார், நான் இன்னும் மதுரைத் தமிழ்தான்.

அப்புறம் ஊரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைப் பக்கமோ ரயில் நிலையத்தின் எதிரிலோ நடந்து பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் கட்டுரையாளரை. அந்த ஒரு நாள் கூட்டத்தை நம்பி எத்தனை தள்ளுவண்டி, எத்தனை செல்போன் கடை, எத்தனை செருப்புக் கடை! மளிகைக் கடை அண்ணாச்சி கடுகெண்ணெய் வாங்கி வைத்து விற்கிறார். வாடகைக்கு லைன் வீடு கட்டி மகளைக் கட்டிக்கொடுத்த உள்ளூர்க் குடும்பங்கள் எனக்குத் தெரியும். பிள்ளை குறைந்து மூடிவிடுவார்களோ என்று பயந்த அரசுப் பள்ளியில் இன்று ஜார்க்கண்ட் பிள்ளை முன் பெஞ்சில் உட்கார்ந்து திருக்குறள் ஒப்பிக்கிறது. இதுவும் திருப்பூரின் முகம்தான்.

கூலி குறைகிறதே என்று கேட்பார்கள். உண்மை, சில இடங்களில் குறைகிறது. ஆனால் குறைப்பது யார்? ஆளைக் கூட்டிவந்து தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்கிற ஏஜென்ட். விடுதியில் பெண்களைப் பூட்டிவைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே விடுகிற நிர்வாகம். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் உள்ளூர்க்காரருக்குத் தரும் அதே கூலி தரவேண்டும், வந்துபோகும் செலவும் தரவேண்டும் என்று 1979இலேயே சட்டம் போட்டார்கள். அதை யார் நடைமுறைப்படுத்தினார்கள் என்று ஒரு கட்டுரை போடுங்கள், நான் பத்துப் பிரதி வாங்குகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே கூலி கிடைத்தால் யாரும் யாருக்கும் போட்டி இல்லை. என் யூனிட்டில் பீஸ் ரேட், அதாவது தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஊர் அசுத்தமாகிவிட்டது என்றும் கட்டுரை சொல்கிறது. ஐயா, நொய்யலைச் சாயத்தண்ணீர் ஆக்கியது யார்? அதே நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீரைப் பாசனத்துக்கு விடமுடியாமல் விவசாயிகள் அழுதது எதனால்? 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு வந்ததே, அந்தப் பட்டறைகள் பீகார்க்காரர்களுடையவையா? ஒரு அறையில் எட்டுப் பேரைத் தங்கவைத்து, ஒரே கழிப்பறை கொடுத்து, ஆளுக்குத் தனித்தனியாக வாடகை வாங்குகிறவர் உள்ளூர்க்காரர். குப்பைக்கு மட்டும் அவர்கள் பொறுப்பா?

2020 ஊரடங்கில் அவர்கள் கிளம்பிப் போனபோது என்ன ஆனது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். முகக்கவச ஆர்டர் கையில் இருந்தது, தைக்க ஆள் இல்லை. எந்திரங்களுக்குத் துணி போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வாருங்கள் என்று போன் போட்டுக் கெஞ்சாத கம்பெனி இந்த ஊரில் குறைவு.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலி சமயம் வேறு. தன்பாத் எக்ஸ்பிரஸுக்குப் பெட்டி படுக்கையோடு நின்ற கூட்டத்தில் என்னிடம் வேலை செய்த பையன்களும் இருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டேஷனுக்கே போய்ப் பேசினோம். சிலர் திரும்பினார்கள், சிலர் அம்மா அழுகிறாள் என்று போய்விட்டார்கள். அப்போது உங்கள் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் போடவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வாரமும் "வடமாநில வாலிபர் கைது" என்ற தலைப்புக்கு உங்கள் இதழில் இடம் இருந்தது.

நான் கேட்பது இரண்டே இரண்டு. ஒன்று, திருட்டு, அடிதடிச் செய்திகளில் பிடிபட்டவரின் மாநிலத்தைத் தலைப்பில் போடாதீர்கள். எங்கள் மதுரைக்காரன் ஒருவன் தப்புச் செய்தால் "தென்மாவட்ட வாலிபர்" என்று இப்போது நீங்கள் போடுவதில்லை. முன்பு போட்டுக்கொண்டிருந்தீர்கள், நிறுத்திவிட்டீர்கள். அதே மரியாதையை இவர்களுக்கும் கொடுங்கள். இரண்டு, கட்டடத்திலோ கழிவுநீர்த் தொட்டியிலோ விழுந்து ஒரு தொழிலாளி இறந்தால் "வடமாநிலத் தொழிலாளி பலி" என்று முடித்துவிடாமல் அவர் பெயரையும் ஊரையும் விசாரித்துப் போடுங்கள்.

இடம் போதாவிட்டால் மேலே எழுதியதை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். இந்த இரண்டை மட்டும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
15 வேலம்பாளையம், திருப்பூர்