ஜே நம்பரோடு வா மச்சான்

சுங்கை சிப்புட்

அன்பு மச்சான்,

வேலை முடிந்ததும் ஜொகூரை விட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா? நம் செட்டில் ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் பிள்ளைகளோடு கிள்ளான், ஷா ஆலம் என்று போய்ச் சேருகிறார்கள். ஊர் தேடி வருகிறவன் நீ ஒருவன்தான். அம்மாவுக்கும் இனி ஆள் துணை இருக்கும்.

கடிதத்தில் பாதி காடியை, அதாவது உன் காரைப் பற்றியே கேட்டிருக்கிறாய், அதனால் அதையே முதலில் எழுதுகிறேன். அமெரிக்காவில் உன் மகள் டெக்சஸிலிருந்து கலிபோர்னியாவுக்கு மாறியபோது பட்ட பாடு உன்னைப் பயமுறுத்திவிட்டது போலிருக்கிறது. குடியேறிய 10 நாளுக்குள் லைசன்ஸ், 20 நாளுக்குள் காடிப் பதிவு, அதற்கு முன்னால் புகைச் சோதனை, பழைய பிளேட்டைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுவது என்று அவள் சொன்னதெல்லாம் அங்கே உண்மைதான். அந்த நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனி அலுவலகம்.

இங்கே அப்படி இல்லை. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நாடு முழுவதுக்கும் ஒன்றுதான், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயும் மத்திய அரசுடையதுதான். உன் பிளேட்டில் இருக்கும் ஜே, காடி முதலில் ஜொகூரில் பதிவானது என்பதை மட்டுமே சொல்கிறது. பேராக்குக்கு வந்துவிட்டதால் அதை ஏ என்று மாற்றச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. நம் டவுனில் நின்று பார்த்தால் பி, டபிள்யூ, கே என்று எல்லா எழுத்தும் ஓடுகிறது. உன் லைசன்ஸும் அப்படியே செல்லும். ரோட் டேக்ஸ் கட்டணமும் தீபகற்பம் முழுக்க ஒரே கணக்கு. சபா, சரவாக்கில்தான் கொஞ்சம் குறைவு. ஆகவே ஜே நம்பரோடயே தாராளமாக வா.

மாற்ற வேண்டியது முகவரி. முதலில் தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன்னுக்குப் போய் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், முகவரியை மாற்று. பிறகு அந்த ஐசியோடு ஜேபிஜே கவுண்டருக்குப் போய் லைசன்ஸ், காடி இரண்டின் பதிவிலும் புது முகவரியைச் சேர்க்கச் சொல். ஈப்போவில் இருக்கும் யூடிசி என்ற அரசாங்கச் சேவை மையத்துக்குப் போனால் இரண்டு வேலையையும் ஒரே இடத்தில் முடிக்கலாம். ஐசி ஒன்றை மாற்றினால் எல்லாம் தானாக மாறிவிடும் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். கேமரா சம்மன் யார் வீட்டுக்குப் போகும்? பதிவில் இருக்கும் முகவரிக்குத்தான். நீ காலி செய்த மாசாய் வீட்டில் வேறு யாரோ அதை வாங்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். ரோட் டேக்ஸ் எடுக்கப் போகும்போது உன் நம்பர் கறுப்புப் பட்டியலில் இருப்பதாகச் சொல்வார்கள். ஓட்டுப் போடும் தொகுதியும் ஐசி முகவரியை வைத்துத்தான். 2021 டிசம்பரிலிருந்து வாக்காளர் பதிவு தானாக நடக்கிறது. முகவரியை மாற்றாவிட்டால் தேர்தல் அன்று நீ ஜொகூருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்.

ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர் ஒட்டுவது 2023 பிப்ரவரியிலிருந்து கட்டாயமில்லை என்பது உனக்கே தெரியும். மைஜேபிஜே செயலியில் லைசன்ஸ், ரோட் டேக்ஸ் இரண்டையும் காட்டலாம். ஆனால் தோட்டத்து உட்பாதைகளில் பல இடத்தில் லைன் கிடைக்காது, கார்டையும் கையில் வைத்துக்கொள்.

சரி, இனி உன் அப்பாவின் பழைய காடிக்கு, அந்தப் புரோட்டோன் சாகாவுக்கு வருகிறேன். எனக்குக் கவலை அதில்தான்.

ஊருக்கு வந்ததும் தம்பியிடமிருந்து அதை வாங்கி நீ ஓட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். அந்தக் காடி மேல் உனக்கு எவ்வளவு பாசம் என்று எனக்குத் தெரியும். தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதிப் பணத்தில் அப்பா வாங்கியது. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருவார். ஆனால் மச்சான், கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அவர் போய் இத்தனை வருஷமாகிவிட்டது. உன் தம்பி மட்டும் இல்லை, நம் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். பெரியவர் இறந்துவிடுவார், காடியும் மோட்டாரும் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

சாதாரணமாகக் காடி கை மாறும்போது விற்பவர், வாங்குபவர் இரண்டு பேரும் ஜேபிஜேயில் கைரேகை வைக்க வேண்டும். இங்கே கைரேகை வைக்க வேண்டியவர் இல்லை. அதனால் நாளைக்கே போய்ப் பெயர் மாற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதே, பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால் பக்கத்திலேயே விடாதே. முதலில் அப்பாவின் சொத்துக்கு முறைப்படி ஓர் உத்தரவு வாங்க வேண்டும். காடி, வங்கிப் பணம் மட்டும் என்றால் அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனத்திலேயே மனு போடலாம். ஆனால் உங்கள் வீட்டு கிராண்டும் அப்பா பெயரில் இருப்பதால், நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவில் மனு போடுவதுதான் வழி. அந்த மனுவில் வீட்டோடு காடியையும் சேர்த்து எழுது. காடிதானே என்று விட்டுவிட்டு, வீடு பெயர் மாறிய பிறகு சாகாவுக்காக மறுபடியும் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உயில் எழுதாமல் இறந்த நம்மவர்களின் சொத்தை 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் எப்படிப் பிரிக்கிறது தெரியுமா? அப்பாவைப் பெற்றவர்கள் இப்போது இல்லை, அதனால் மூன்றில் ஒரு பங்கு உன் அம்மாவுக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்று வித்தியாசம் கிடையாது. சாகா என்ன விலை போகும், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை நீ எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அம்மா, தம்பி, தங்கை மூன்று பேரும் மனதோடு சரி என்று சொல்ல வேண்டும். கெடாவில் இருக்கும் உன் தங்கையிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேள்விப்பட்டேன். விசாரணை நாளில் அதிகாரி முன்னால் அவள் முதல்முறையாக இதைக் கேட்கக் கூடாது. அப்பாவுக்கு அவள் செல்லப்பிள்ளை என்பதை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டுமா? நீயே போன் போட்டுப் பேசு. தம்பியை விட்டுப் பேசச் சொல்லாதே.

உத்தரவு கைக்கு வந்த பிறகு வேலை சுலபம். காடியைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய் எஞ்சின் நம்பர், சேசி நம்பர் சோதனை முடித்து, உன் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்து, உத்தரவையும் பழைய கிராண்டையும் ஜேபிஜேயில் கொடுக்க வேண்டும். அப்பாவின் 55 சதவீதம் என்சிடி, அதாவது இன்சூரன்ஸ் கோராமல் ஓட்டியதற்கான தள்ளுபடி, உனக்கு வராது. என்சிடி ஆளோடு போவது, காடியோடு வருவதில்லை. உன் ஜொகூர் காடியை வைத்துக்கொண்டு சாகாவையும் எடுத்தால், சாகாவுக்கு முதல் வருஷம் முழு இன்சூரன்ஸ் கட்ட வேண்டியிருக்கும். ரோட் டேக்ஸ் பிரச்சினை இல்லை, 1.3 எஞ்சினுக்கு வருஷத்துக்கு 70 ரிங்கிட்தான்.

அதுவரை தம்பி அந்தக் காடியை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது. இறந்தவர் பெயரில் போட்ட இன்சூரன்ஸை நம்பிப் பெரிய ரோட்டில் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் எதிரில் அடிபட்டவருக்கும் சிக்கல், உங்கள் குடும்பத்துக்கும் சிக்கல். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமானால் என்னைக் கூப்பிடச் சொல், எந்த நேரமானாலும் வருகிறேன்.

ஊர்ச் செய்தி கேட்டிருந்தாய். பழைய லயன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான். பால்மரம் பார்க்க வேண்டுமென்றால் எல்பில் தோட்டத்துப் பக்கம் உள்ளே போய்த் தேட வேண்டும். மகாத்மா காந்தி கலாசாலையில் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். நம் கோப்பிக் கடை இருக்கிறது, ரொட்டி பக்காரும் அதே ருசிதான், விலைதான் நமக்குத் தெரிந்த விலை இல்லை.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து லைசன்ஸ் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கவைக்கிறேன். 50 கேள்வி, 42 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியவில்லை மச்சான்! மலாய் சரளமாக வராத பெண்கள் அதைக் கேட்டதும் முகம் மலர்ந்து பெயர் கொடுக்கிறார்கள்.

உனக்குத் தெரியும், நம் பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலேயே செம்பனைக் காட்டுக்குள் மோட்டார் ஓட்டப் பழகிவிடுகிறார்கள். ஓட்டத் தெரிந்தவனுக்கு லைசன்ஸ் எதற்கு என்று அப்படியே டவுனுக்கும் வந்துவிடுகிறார்கள். பிடித்தால் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிடப் பெரிய நஷ்டம் வேலை. டெலிவரி வேலைக்குப் போக வேண்டும், தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிற பையனிடம் முதலில் கேட்பது லைசன்ஸைத்தான். 16 வயதில் பி2 என்ற மோட்டார் லைசன்ஸ் எடுக்கலாம், 17இல் காடி லைசன்ஸ். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் மைலெசன் பி2 என்று இலவசமாகவே ஒரு திட்டம் நடத்துகிறது. அது திறக்கும்போதெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐசியே இல்லாத ஒரு பையனும் வகுப்புக்கு வருகிறான். கேள்விகளுக்கு எல்லோரையும்விட நன்றாகப் பதில் சொல்கிறான். அவனுக்கு லைசன்ஸ் எடுக்க வழியில்லை, ஐசி விஷயம்தான் முதலில் முடிய வேண்டும். அவன் அம்மாவோடு ஜேபிஎன்னுக்கு நடந்துகொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

நீ இத்தனை வருஷம் கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தவன். வந்ததும் எனக்கு வகுப்பில் கை கொடுக்க வேண்டும். சாலைச் சின்னங்களை நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன், பிரேக் தூரம், லாரியின் மறைபக்கம் இதெல்லாம் நீ சொன்னால் பையன்கள் கேட்பார்கள்.

தங்கச்சி (உன் மனைவிதான்) லைசன்ஸைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டதாக ஒரு வரி எழுதியிருந்தாய். எப்போது முடிந்தது என்று கார்டை எடுத்துப் பார். மூன்று வருஷத்துக்குள் என்றால் பணத்தைக் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம், ஜொகூரிலேயே போஸ்ட் ஆபீஸில் முடித்துவிட்டு வாருங்கள். மூன்று வருஷம் தாண்டிவிட்டால் முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். தேதி நெருக்கத்தில் இருந்தால் என் பதிலுக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே போ. வீடு மாற்றும் அவசரத்தில் அதைத் தள்ளிப்போடாதே.

அம்மாவைப் போன ஞாயிறு பார்த்தேன், நன்றாக இருக்கிறார். நீ வரும் தேதியை எழுது, சாமான் இறக்க ஆட்களோடு வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்